நாசா வேர்ல்ட்வியூ: கப்பல் புகை மேகத்தை என்ன செய்கிறது என்று டெல்டாவில் இருந்தபடி பார்க்க

கப்பல் எரிபொருளில் 3.5 சதவீதம் வரை கந்தகம் இருக்கலாம் என்றிருந்த உலக வரம்பு, 2020 ஜனவரி 1 முதல் 0.5 சதவீதமாக இறங்கியது. கந்தகப் புகை குறைந்ததும் கடல் மேகங்களின் வெண்மை குறைந்தது, அதனால் பூமி கூடுதலாகச் சூடேறுகிறது என்ற பேச்சும் பின்னாலேயே வந்தது. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் டெல்டாவுக்கு வந்து சேர்வதற்குள் அது "கப்பல் புகை போனதால்தான் ஐப்பசி மழை தவறுகிறது" என்று திரிந்துவிடும் அபாயமும் இருக்கிறது. எது உண்மை, எது திரிபு என்று பள்ளி ஆசிரியரோ கல்லூரி மாணவரோ தாமே பார்த்துத் தெரிந்துகொள்ள இலவசமாகக் கிடைக்கும் கருவிகளில் முதலாவது நாசாவின் வேர்ல்ட்வியூ இணையதளம். கணக்குத் தொடங்க வேண்டாம், மென்பொருள் எதுவும் இறக்க வேண்டாம். 2000 பிப்ரவரி முதல் இன்று காலை வரையான செயற்கைக்கோள் படங்கள் உலாவியிலேயே திறக்கும். புதுப் படம், செயற்கைக்கோள் கடந்துபோன சுமார் மூன்று மணி நேரத்தில் ஏறிவிடும்.

கருவி அருமையானது. ஆனால் அதைத் திறந்ததும் நாகப்பட்டினத்துக்கு நேர் கிழக்கே பெரிதாக்கிப் பார்த்து, "கப்பல் தடம் (புகை பட்ட மேகத்தில் விழும் வெண்கோடு) ஒன்றும் தெரியவில்லை, ஆகவே கப்பல் புகையால் ஒன்றும் ஆவதில்லை" என்று மூடிவிட்டால் முழுத் தவறு. எந்தக் கடலில், எந்த அடுக்கில் (வரைபடத்தின் மேல் போடும் செயற்கைக்கோள் படம்) பார்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மேகத்துக்குள் நடப்பது

ஒரு டன் எரிபொருளில் 3.5 சதவீதம் கந்தகம் என்றால் 35 கிலோ. அது எரிந்தால் எடை இரட்டித்து 70 கிலோ கந்தக டை ஆக்சைடு ஆகும். 0.5 சதவீதத்தில் அதே டன்னிலிருந்து வருவது 10 கிலோ. இந்த வாயு காற்றில் சில மணி நேரங்களில் சல்ஃபேட் துகளாக மாறுகிறது. ஒரு மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பத்தில் ஒரு பங்கு அளவுள்ள துகள்கள் இவை. நீராவி ஒட்டித் துளியாவதற்கு இதுபோன்ற துகள் வேண்டும். துகள் கூடினால் துளியின் எண்ணிக்கை கூடும். மேகத்தில் உள்ள தண்ணீர் அதே அளவுதான் என்பதால் ஒவ்வொரு துளியும் சிறிதாகும்.

கணக்குப் போட்டால் தெளிவாகும். 14 மைக்ரான் ஆரமுள்ள ஒரு துளியின் தண்ணீரை 7 மைக்ரான் ஆரமுள்ள துளிகளாக்கினால் எட்டுத் துளி வரும். எட்டின் மொத்தக் குறுக்குப் பரப்பு, முதல் துளியின் பரப்பைப்போல் இரண்டு மடங்கு. வெயிலைத் திருப்பி அனுப்புவது அந்தப் பரப்புதான். வேதாரண்யம் கல்லுப்பை இடித்துப் பொடியாக்கினால் கூடுதல் வெள்ளையாகத் தெரிவதற்கும் இதுவே காரணம். 1970களில் ஷான் ட்வோமி என்ற வளிமண்டல விஞ்ஞானி இதைக் கணக்கிட்டுக் காட்டியதால் ட்வோமி விளைவு என்று பெயர்.

இதற்கு மேல் இரண்டாம் கட்டமும் உண்டு, அங்கேதான் ஆய்வாளர்களுக்குள் இன்னும் இழுபறி. துளி சிறிதானால் ஒன்றோடொன்று சேர்ந்து தூறலாக விழுவது குறையும், மேகம் நெடுநேரம் நிற்கும் என்பது ஒரு பக்கம். சிறிய துளி மேகத்தின் உச்சியில் வறண்ட காற்று பட்டதும் விரைவில் ஆவியாகும், மேகம் மெலியும் என்பது மறுபக்கம். இரண்டுமே நடக்கின்றன. சுற்றுப்புறக் காற்றின் ஈரத்தைப் பொறுத்து ஒன்று ஓங்கும்.

முதலில் பார்க்க வேண்டியது பசிபிக்

கப்பல் தடம் கண்ணுக்குத் தெரிய மூன்று கூட வேண்டும்: தாழ்ந்து தட்டையாக விரிந்த மேகம், துகள் குறைந்த சுத்தமான காற்று, மேலே மறைக்கும் உயர்மேகம் இல்லாமை. அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பாலான பசிபிக்கில் இவை அடிக்கடி கூடிவரும். வானிலைச் செயற்கைக்கோள்கள் வந்த 1960களிலேயே இந்தக் கோடுகள் படத்தில் சிக்கின.

பழகுவதற்கு நல்ல நாள் 2009 மார்ச் 4. தளத்தைத் திறந்து, கீழே உள்ள காலக்கோட்டில் அந்தத் தேதியைத் தட்டுங்கள். வலப்பக்க மேல்மூலையில் இடம் தேடும் பெட்டியில் 45, -135 என்று கொடுத்து அங்கிருந்து சுற்றிலும் நகர்த்துங்கள். இடப்பக்கப் பட்டியலில் 'ஆட் லேயர்ஸ்' அழுத்தி, ஆக்வா செயற்கைக்கோளில் உள்ள மோடிஸ் கருவியின் 'கரெக்டட் ரிஃப்ளெக்டன்ஸ்' இயற்கை நிறப் படத்தைச் சேருங்கள். சாம்பல் வெள்ளை மேகத்தட்டின் மேல் கீறிவிட்டதுபோல் வெண்கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். தடங்கள் சராசரியாக 300 கிலோமீட்டர் நீளமும் 9 கிலோமீட்டர் அகலமும் கொண்டவை. ஒரு முனை கூர்மையாகவும் மறுமுனை பரந்து கலைந்தும் இருந்தால், கப்பல் இருப்பது கூர்முனைப் பக்கம்.

அடுத்து அதே செயற்கைக்கோளின் 7-2-1 பேண்ட் (அலைநீளப் பட்டை) படத்தை மேலே போடுங்கள். 7வது பேண்ட் 2.1 மைக்ரான் அலைநீளத்தில் பார்க்கிறது. அந்த அலைநீளத்தைப் பெரிய துளி உறிஞ்சும், சிறிய துளி திருப்பி அனுப்பும். அதனால் இயற்கை நிறத்தில் மங்கலாக இருந்த தடம்கூட இதில் எடுப்பாகத் தெரியும்.

கடைசியாக 'கிளவுட் எஃபெக்டிவ் ரேடியஸ்' அடுக்கு. இந்தத் தளத்தின் உண்மையான மதிப்பு இங்கேதான். படத்தின் மேல் மவுஸை நகர்த்தினால், துளியின் ஆரம் எத்தனை மைக்ரான் என்று இடப்பக்க நிறப்பட்டையில் எண் ஓடும். தடத்துக்கு வெளியே சுத்தமான கடல் மேகத்தில் அது பெரும்பாலும் 12 முதல் 15 வரை நிற்கும். தடத்துக்குள் நுழைந்ததும் 8, 9, 10 என்று விழும். மேலே போட்ட கணக்கை மாணவர் தம் விரல் நுனியில் காணும் இடம் அது. இந்த ஒன்றுக்காகவே தளத்தைப் பரிந்துரைக்கலாம்.

இந்த அடுக்கில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். பனித்துகள் மேகத்தையும் சேர்த்து ஒரே நிறப்பட்டை போட்டிருப்பதால் பட்டை மிக அகலம், 14-க்கும் 9-க்கும் நிற வேறுபாடு சொற்பமாகவே வரும். அடுக்கின் ஆப்ஷன்ஸில் போய்க் கீழ்வரம்பு 4, மேல்வரம்பு 20 என்று வைத்து, 'ஸ்குவாஷ் பேலட்' என்பதையும் தட்டிவிட்டால் முழு நிறவரிசையும் அந்த இடைவெளிக்குள் வந்துவிடும். இன்னொன்று: பட்டியலில் பி.சி.எல். என்ற ஒட்டுடன் இதே பெயரில் வேறொரு அடுக்கும் இருக்கிறது. அது அரைகுறையாக மேகம் மூடிய புள்ளிகளுக்கானது, அதில் ஆரம் கூடுதலாகக் காட்டும். அதைத் தொடாதீர்கள்.

நாகைக்கு நேரே ஏன் தெரிவதில்லை

வங்கக் கடலில் மேற்சொன்ன மூன்றில் ஒன்றுகூட ஒழுங்காக அமைவதில்லை. நம் மழை மேகம் தட்டையானது அல்ல, உயர்ந்து எழுவது. 2018 நவம்பர் 15 தேதியைப் போட்டு 7-2-1 படத்தைப் பாருங்கள். மறுநாள் அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல் கடலில் நிற்கும். அதன் மேகம் வெள்ளையாக இல்லாமல் நீலப்பச்சையாக இருக்கும். உச்சி முழுவதும் பனித்துகள் என்று பொருள். அதன் கீழே எந்தக் கப்பல் எவ்வளவு புகை விட்டாலும் மேலிருந்து பார்க்கும் கருவிக்குத் தெரியாது. வடகிழக்குப் பருவத்தில் பெரும்பாலான மழை நாட்களின் நிலை இதுதான்.

மழை ஓய்ந்த தை, மாசியில் வானம் தெளிந்தாலும் காற்று சுத்தமாக இல்லை. வாடைக்காற்று கங்கைச் சமவெளியின் புகையை வங்கக் கடலுக்குள் தள்ளிக்கொண்டு வரும். காற்றில் மிதக்கும் துகள் எவ்வளவு என்று காட்டும் 'ஏரோசால் ஆப்டிகல் டெப்த்' அடுக்கை ஜனவரியில் போட்டால், வங்கதேசக் கரையிலிருந்து தெற்கு நோக்கி அந்தப் படலம் இறங்குவது தெரியும். 1999-ல் நடந்த இண்டோயெக்ஸ் ஆய்வு, துணைக்கண்டத்திலிருந்து கிளம்பும் இந்தப் பழுப்புப் படலம் இந்தியப் பெருங்கடலின் வடபகுதியில் எவ்வளவு தூரம் விரிகிறது என்று அளந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவரான வீ. ராமநாதன் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர் என்பதை டெல்டா மாணவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஏற்கெனவே துகள் நிறைந்த காற்றில் கப்பல் இன்னும் கொஞ்சம் சேர்த்தால் துளி எண்ணிக்கை பெரிதாக மாறாது. சுத்தமான காற்றில் சேர்த்தால்தான் மாற்றம் பெரிது. கப்பல் துகளின் எடை மொத்தத்தில் சிறிது என்றாலும் அதன் விளைவு பெரிதாக இருப்பதற்குக் காரணம், அது விழும் இடம் பெரும்பாலும் ஆள் அரவமற்ற நடுக்கடல் என்பதுதான்.

இன்னொரு அடிப்படையான காரணமும் உண்டு: பெருங்கப்பல் நம் கரையை ஒட்டிப் போவதில்லை. ஆடம்ஸ் பிரிட்ஜ் (ராமர் பாலம்) பகுதியில் ஆழம் போதாது. சூயஸிலிருந்து மலாக்காவுக்குப் போகும் கப்பலெல்லாம் இலங்கையின் தென்முனையான தொந்தரா முனையைச் சுற்றித்தான் போகும். தளத்தின் அளவுகோல் கருவியால் அளந்தால் நாகையிலிருந்து அது 540 கிலோமீட்டர் அளவில் வரும். ஆகவே டெல்டாக்காரர் பார்க்க வேண்டிய பாதை நாகைக்குக் கிழக்கே இல்லை, 5 முதல் 6 டிகிரி வடக்கு அகலாங்கில், இலங்கைக்கும் சுமத்ராவுக்கும் நடுவே இருக்கிறது.

அந்தப் பாதையை மேகத்தில் தேடாமல் நைட்ரஜன் டை ஆக்சைடில் தேடினால் கிடைக்கும். கப்பல் விடும் கந்தக வாயு அளவில் சிறிது, கடல்மட்டத்தை ஒட்டியே கிடக்கும். செயற்கைக்கோள் அதைப் பிரித்தறிவது கடினம். நைட்ரஜன் டை ஆக்சைடு அப்படி இல்லை. இலங்கை–சுமத்ரா கோட்டை 2000களின் தொடக்கத்திலேயே கோம் என்ற ஐரோப்பியக் கருவியின் தரவில் கண்டுவிட்டார்கள். வேர்ல்ட்வியூவில் இந்த வாயுவை அளக்கும் ஓ.எம்.ஐ. கருவியின் தினசரி அடுக்கு இருக்கிறது. ஆனால் ஒருநாள் படம் வெறும் புள்ளிச் சிதறல். பல மாதங்களைச் சராசரி எடுத்தால்தான் கோடு எழும், அந்த வசதி வேர்ல்ட்வியூவில் இல்லை. இது அதன் பெரிய குறை.

இதற்கு, செயற்கைக்கோள் தரவை இணையத்திலேயே கணக்கிட விடும் கூகுள் எர்த் எஞ்சினுக்குப் போக வேண்டும். கல்விக்கு இலவசம், பதிவு செய்தால் போதும். சென்டினல்-5பி என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் தொகுப்பில் நைட்ரஜன் டை ஆக்சைடைத் தேர்ந்து, அடிவளிமண்டலத்துக்கான (ட்ரோபோஸ்பெரிக்) பட்டையை எடுத்து, ஒரு முழு ஆண்டை வடிகட்டி, சராசரி எடுக்கச் சொல்லுங்கள். மாதிரி நிரலில் நிற அளவு 0 முதல் 0.0002 என்று இருக்கும். அது தொழில் நகரங்களுக்கு ஏற்றது, அப்படியே விட்டால் கடல் முழுவதும் கறுப்பாகத் தெரியும். மேல்வரம்பை 0.00003 ஆகக் குறைத்தால் கப்பல் பாதை நேர்கோடாக மேலெழும். வரைபடத்தில் எந்தக் கப்பலும் வரையப்படவில்லை, காற்றே பாதையைக் காட்டுகிறது.

ஒன்று மறக்கக் கூடாது: 2020 கட்டுப்பாடு கந்தகத்துக்கு மட்டும். நைட்ரஜன் டை ஆக்சைடு அதனால் குறையாது. இந்தப் படம் கப்பல் எங்கே போகிறது என்று சொல்லும், எவ்வளவு கந்தகம் விடுகிறது என்று சொல்லாது. 2023 இறுதியில் செங்கடல் தாக்குதல்களால் ஏராளமான கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கியதையும் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும்போது கணக்கில் கொள்ள வேண்டும்.

நம் பக்கத்து ஆழ்மேகங்களில் கப்பல் புகை சும்மா இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. 2005 முதல் 2016 வரையான மின்னல் பதிவுகளை அமெரிக்க ஆய்வாளர் ஜோயல் தார்ன்டன் குழு அடுக்கிப் பார்த்தபோது, இந்தியப் பெருங்கடலின் வடகிழக்கிலும் தென்சீனக் கடலிலும் கப்பல் பாதைக்கு நேர் மேலே மின்னல் ஏறக்குறைய இரட்டிப்பாக இருந்தது. சிறிய துளிகள் மழையாக விழாமல் உயரே ஏறி உறைவதால் மேகத்துக்குள் பனித்துகள் மோதல் கூடி மின்னேற்றம் பெருகுகிறது என்பது விளக்கம். 2020க்குப் பிறகு அந்தக் கூடுதல் மின்னல் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. டெல்டா வாசகருக்கு இந்த விஷயத்தில் மிக நெருக்கமான சான்று இதுதான். வேர்ல்ட்வியூவின் ஒருநாள் படங்களில் இதைப் பார்க்க முடியாது.

2020க்கு முன்னும் பின்னும் ஒப்பிடும்போது

'ஸ்டார்ட் கம்பாரிசன்' பொத்தான் இரண்டு தேதிகளை ஒரே திரையில் வைத்து நடுக்கோட்டை இழுத்துப் பார்க்க விடுகிறது. அழகான வசதி, அதிகம் ஏமாற்றுவதும் இதுவே. 2018 ஜூன் 10-ஐயும் 2022 ஜூன் 10-ஐயும் வைத்து "தடம் போய்விட்டது" என்று சொன்னால் அதில் பொருளே இல்லை. அன்றைக்கு அங்கே மேகம் எப்படி இருந்தது என்பதுதான் அதில் தெரியும். தடங்கள் குறைந்தது உண்மை. ஆனால் அதை நிறுவியது ஒரு நாளின் படம் அல்ல, பல ஆண்டுப் படங்களில் கணினியைத் தேடவிட்டு எண்ணிய ஆய்வுகள். 2020-ல் பெருந்தொற்றும் சேர்ந்துகொண்டதால் அந்த ஓராண்டை மட்டும் எடுத்துப் பேசுவதும் சரியல்ல. தடமே தெரியாத மேகங்களிலும் துளி எண்ணிக்கை மாறியிருப்பதை, கப்பல்கள் போன பாதையை வைத்து 2022-ல் காட்டியிருக்கிறார்கள். தடங்களை மட்டும் எண்ணினால் விளைவு குறைவாகவே மதிப்பிடப்படும்.

செயற்கைக்கோள்களும் வயதாகின்றன. மோடிஸ் கருவியைச் சுமக்கும் இரண்டில், டெர்ரா காலை 10.30-க்கும் ஆக்வா பிற்பகல் 1.30-க்கும் கடந்துகொண்டிருந்தன. எரிபொருளைச் சேமிக்கப் பாதைத் திருத்தத்தை நிறுத்தியதால் டெர்ரா வரவர முன்கூட்டியும் ஆக்வா தாமதமாகவும் வருகின்றன. வெயிலின் சாய்வு மாறினால் மேகத்தின் பளிச்சும் மாறும். 2019-ஐ 2024-உடன் ஒப்பிட நோவா-20 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளின் வியர்ஸ் கருவிப் படத்தையே எடுங்கள். அதில் 7-2-1-க்கு இணையானது எம்11-ஐ2-ஐ1. வியர்ஸ் பார்க்கும் அகலம் சுமார் 3,000 கிலோமீட்டர் என்பதால், மோடிஸ் படத்தில் நம் அகலாங்கில் சில நாட்கள் விழும் கறுப்பு இடைவெளியும் இராது.

எண்களையும் அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். 2020 கட்டுப்பாட்டால் பூமி கூடுதலாக ஏற்கும் வெப்பம் சதுர மீட்டருக்கு 0.1 முதல் 0.2 வாட் என்பது பெரும்பாலான ஆய்வுகளின் கணிப்பு. காலநிலை ஆய்வாளர் ஜேம்ஸ் ஹேன்சன் குழு 0.5 வாட் என்கிறது. 1750 முதல் 2019 வரை சேர்ந்த கார்பன் டை ஆக்சைடின் பங்கு 2.16 வாட். கப்பல் கந்தகம் மறைத்து வைத்திருந்த சூட்டில் ஒரு பகுதி வெளியே வந்திருக்கிறது, அவ்வளவுதான். பழைய எரிபொருளுக்கே திரும்பலாம் என்று யாராவது கிளம்பினால், கட்டுப்பாடு தள்ளிப்போயிருந்தால் 2020–25-ல் கூடுதலாக 5,70,000 பேர் அகால மரணம் அடைந்திருப்பார்கள் என்று பன்னாட்டுக் கடல்சார் அமைப்புக்கு அளிக்கப்பட்ட ஆய்வு கணித்ததை எடுத்துக்காட்டுங்கள். ஐப்பசி மழைக்கும் இதற்கும் முடிச்சுப் போட இந்தப் படங்களில் எதுவும் இல்லை. எல் நினோ, இந்தியப் பெருங்கடல் இருமுனை (அதன் மேற்கு, கிழக்குப் பகுதிகளின் கடல் வெப்ப வேறுபாடு), வங்கக் கடலில் தாழ்வு எங்கே பிறக்கிறது என்பவை அதைவிடப் பல மடங்கு வலுவான காரணங்கள்.

மற்ற குறைகளும் மாற்றுகளும்

இடைமுகம் முழுக்க ஆங்கிலம், தமிழ் இல்லை. அடுக்குகள் நூற்றுக்கணக்கில் இருப்பதால் புதியவர் தொலைந்துபோவார். கைபேசியில் திறக்கும், ஆனால் மவுஸ் நகர்த்தி எண் படிப்பதற்குக் கணினி வேண்டும். கோடைக்காலத்தில் நம் கடலில் வெயில் பட்டு மின்னும் பட்டையில் ஏரோசால் அளவு வெறுமையாக இருக்கும். அதைச் சுத்தமான காற்று என்று படித்துவிடக் கூடாது. கோடியக்கரை ஓரத்தில் நீர் ஆழமற்றுச் சேறாகக் கலங்கியிருக்கும் நாட்களில் கரையை ஒட்டிய ஏரோசால் எண்களையும் நம்ப வேண்டாம்.

மழை மேகம் எப்படி நகர்கிறது என்று பார்க்க இது ஏற்றதல்ல. ஒரு செயற்கைக்கோள் பகலில் ஒரு தடவைதான் வருகிறது. அதற்கு இன்சாட் படங்களே சரி, அரை மணிக்கும் குறைவான இடைவெளியில் புதுப்படம் வரும். இன்சாட்டில் துளி அளவை உணரும் 3.9 மைக்ரான் பேண்டின் நுணுக்கம் 4 கிலோமீட்டர், 9 கிலோமீட்டர் தடத்துக்கு அது போதாது. கைபேசியில் பலர் வைத்திருக்கும் வின்டி செயலியில் கந்தக டை ஆக்சைடு அடுக்கும் உண்டு, ஆனால் அது ஐரோப்பிய மாதிரியின் கணிப்பு. கப்பல் உமிழ்வுப் பட்டியலை உள்ளே கொடுத்துக் கணக்கிட்டால் கப்பல் பாதை வரத்தானே செய்யும்? அதைச் சான்றாகக் காட்டாதீர்கள். கடலுக்குப் போகும் முடிவை இவை எதையும் வைத்து எடுக்கக் கூடாது, வானிலைத் துறை மற்றும் இந்தியக் கடல் தகவல் மையமான இன்கொய்ஸ் எச்சரிக்கைகள்தான் அதற்கு.

வகுப்பில் காட்டப்போகிற ஆசிரியர், முந்தின நாளே 2009 மார்ச் 4-க்கு மூன்று அடுக்குகளையும் வரிசைப்படுத்தி, நிற வரம்பையும் வைத்துவிட்டு, மேலே உள்ள பகிர்வுப் பொத்தானில் இணைப்பை எடுத்துக்கொள்ளலாம். தேதி, இடம், அடுக்கு, வரம்பு எல்லாம் அந்த இணைப்பிலேயே பதிந்திருக்கும். கஜா நாளுக்கு இன்னொரு இணைப்பு. இணையம் மெதுவான பள்ளி என்றால் கேமரா பொத்தானால் படமாகவே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆரம் படிக்கும் பகுதிக்கு மட்டும் நேரடி இணைப்பு அவசியம், இறக்கிய படத்தில் எண் வராது.